யூட்டா தெருவில் சாப்பிட்டபடி மைதானத்துக்கு: ஒரு பால்டிமோர் அனுபவம்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள பால்டிமோருக்கு பேஸ்பால் பார்க்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: இந்த ஊர் அணியான ஓரியோல்ஸின் மைதானத்துக்குள் வெளிச்சாப்பாடு கொண்டுபோகலாம். இட்லியோ, கடை சாண்ட்விச்சோ, கடலைப் பொட்டலமோ எதுவானாலும் சரி. மது கூடாது, கண்ணாடி கூடாது, தண்ணீர் பாட்டில் திறக்காததாக இருக்க வேண்டும், பைக்கு அளவு உண்டு. பை விதி அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்பும் முன் அணியின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் அந்த நாளின் செலவும் மாறும், சுவையும் மாறும்.

செலவு என்று ஏன் சொல்கிறேன் என்றால், பேஸ்பாலில் டிக்கெட் பெரிய செலவே இல்லை. ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் சொந்த மண்ணில் மட்டும் 81 ஆட்டங்கள். ஏப்ரல், மே மாதத்து வாரநாள் ஆட்டத்துக்கு மேல்தட்டு இருக்கை மலிவாகவே கிடைக்கும். உள்ளே போனபின் ஒரு பீர் பத்து டாலரைத் தாண்டும். நாலு பேர் குடும்பம் இரண்டு தடவை எழுந்துபோய் வாங்கினால் டிக்கெட் விலையைவிடச் சாப்பாட்டு விலை மேலே போய்விடும். ஆட்டம் இரண்டரை, மூன்று மணி நேரம் ஓடும். அதற்குள் குழந்தைகளுக்குப் பசிக்காமல் இருக்காது. அதனால்தான் வெளியே எங்கே சாப்பிடுவது, உள்ளே எதைக் கொண்டுபோவது, உள்ளே எதை மட்டும் வாங்குவது என்று யோசித்து வைப்பது நல்லது. நாங்கள் மேரிலாந்துக்குக் குடிவந்த பிறகு வந்த விருந்தாளிகளை எல்லாம் அழைத்துப்போய் அழைத்துப்போய்ப் பழகிய வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மைதானத்தின் முழுப்பெயர் ஓரியோல் பார்க் அட் கேம்டன் யார்ட்ஸ். 1992 ஏப்ரல் 6 அன்று திறந்தது. அதற்கு முந்தைய இருபது முப்பது ஆண்டுகளில் அமெரிக்காவில் கட்டிய மைதானங்கள் பலவும் ஒரே மாதிரி வட்டமான கான்கிரீட் கிண்ணங்கள். சுற்றிலும் கார் நிறுத்துமிடம், அதைத் தாண்டி நெடுஞ்சாலை. அங்கே மைதானத்துக்கு வெளியே சாப்பிட ஒன்றும் இருக்காது. பால்டிமோர் அப்படிச் செய்யாமல், நகரத்தின் நடுவே பழைய ரயில் சரக்கு முற்றத்தில் இடம் பிடித்தது. பால்டிமோர் அண்டு ஓஹியோ ரயில்வேயின் செங்கல் கிடங்கை இடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டது. ஆயிரம் அடிக்கு மேல் நீளம், ஐம்பத்தொரு அடி அகலம். வலது பக்கம் முழுக்க அந்தச் செங்கல் சுவர்தான் கண்ணில் படும். கிளீவ்லாந்து, டென்வர், சான் பிரான்சிஸ்கோ, பிட்ஸ்பர்க் என்று அடுத்தடுத்து வந்த நகர மைதானங்களுக்கு இதுதான் வழிகாட்டி. எனக்கு இதில் பிடித்தது கட்டடக்கலை அல்ல. நகரத்தின் ஒரு சாதாரணத் தெரு நேராக மைதானத்துக்குள்ளேயே நுழைகிறது. யூட்டா தெரு. ஒரே தெருவில் வடக்கிலிருந்து சாப்பிட்டுக்கொண்டே நடந்து வந்தால், கடைசியில் டிக்கெட்டைக் காட்டி உள்ளே போய்விடலாம்.

வடக்கே கதவு எண்கள் 800களில் வரும் பகுதியில் லேண்ட் ஆஃப் குஷ் என்ற உணவகம். 2011இல் தொடங்கியது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் வீட்டுச் சமையலை, இறைச்சியோ பாலோ முட்டையோ சேர்க்காமல் செய்கிறார்கள். நம் சைவக்காரர்களுக்கு அமெரிக்க விளையாட்டு அரங்கு என்றாலே பாப்கார்னும் பிரெட்ஸல் என்ற உப்பு ரொட்டியும்தான் கதி என்ற எண்ணம் உண்டு. என் மாமியார் முதல்முறை வந்தபோது அவரை இங்கேதான் கூட்டிவந்தேன். கீரை வகை ஒன்றைப் புகைமணத்தோடு மெதுவாக வேகவைத்து வைத்திருந்தார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு மசியல், மக்காச்சோள ரொட்டி. "மாப்ள, இது நம்ம வீட்டு முருங்கைக்கீரை பக்குவத்துல இருக்கே" என்றார். அங்கிருந்து மைதானம் அரை மணி நேர நடை. நடக்க முடியாதவர்கள் லைட் ரயிலில் ஏறி நாலைந்து நிறுத்தம் போனால் கேம்டன் யார்ட்ஸ் நிறுத்தத்திலேயே இறங்கலாம்.

நடப்பவர்களுக்குப் பாதி வழியில் லெக்சிங்டன் மார்க்கெட் வரும். தொடக்கம் 1782, அமெரிக்காவில் இன்னும் நடக்கும் மிகப் பழைய சந்தைகளில் ஒன்று. பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் இப்போது புதிய, வெளிச்சமான கட்டடம் வந்திருக்கிறது. இந்தச் சந்தையின் பெரிய பெயர் ஃபெய்ட்லீஸ். 1886இலிருந்து நடக்கும் மீன்கடை. நண்டுச் சதையில் செய்யும் அவர்களுடைய கிராப் கேக்தான் பால்டிமோர் கிராப் கேக்குக்கு அளவுகோல் என்று நினைக்கிறவர்கள் ஏராளம், நானும் அந்தக் கட்சி. நண்டின் நீச்சல் காலை அசைக்கும் பெரிய தசை இரண்டு உண்டு. அதை உடைக்காமல் எடுத்தால் ஜம்போ லம்ப் என்பார்கள். அந்தச் சதைத் துண்டுகளை நொறுங்காமல், மாவு பெயருக்கு மட்டும் சேர்த்து, பந்து மாதிரிப் பிடித்துச் சமைப்பார்கள். தட்டில் பக்கத்திலேயே உப்பு பிஸ்கட் வைத்துத் தருவார்கள்; பன் வேண்டாம், பிஸ்கட்டோடு சாப்பிடுங்கள். விலை குறைவில்லை. ஒன்று வாங்கி இரண்டு பேர் பகிர்ந்துகொள்வது போதும், ஏனென்றால் இன்னும் நடக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பகுதியைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஹோவர்டு தெருவும் லெக்சிங்டன் தெருவும் சந்திக்கும் மூலையைச் சுற்றி நகரத்தின் பெரிய துணிக்கடை மாளிகைகள் எல்லாம் இருந்தன. இப்போது பல கட்டடங்கள் காலி. பகலில் வாருங்கள், கூட்டத்தோடு நடங்கள், கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. அந்த மூலையில்தான் ரீட்ஸ் என்ற மருந்துக்கடை இருந்தது. அந்தக் காலத்து மருந்துக்கடைகளில் சிற்றுண்டி மேசை உண்டு. கறுப்பினத்தவர் பொருள் வாங்கலாம், உட்கார்ந்து சாப்பிட முடியாது. 1955 ஜனவரியில் மார்கன் ஸ்டேட் கல்லூரி மாணவர்கள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். சில நாட்களுக்குள் அந்த நிறுவனம் தன் பால்டிமோர் கடைகள் எல்லாவற்றிலும் அனைவருக்கும் உணவு பரிமாற ஒப்புக்கொண்டது. வட கரோலினா மாநிலத்துக் கிரீன்ஸ்பரோவில் நடந்த புகழ்பெற்ற உள்ளிருப்புப் போராட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே நடந்தது இது. என் பிள்ளைகளோடு அந்த மூலையைக் கடக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிவிடுவேன். எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து எதை வேண்டுமானாலும் கேட்டு வாங்கித் தின்கிறோமே, அது தானாக வந்ததல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மைதானத்துக்குள் கொண்டுபோக சாண்ட்விச் வேண்டுமென்றால் ஒரு தெரு மேற்கே, பாக்கா தெருவில் டிரினாக்ரியா என்ற இத்தாலியக் கடை. பெரிய பெயர்ப்பலகை எதுவும் இருக்காது. உள்ளே பாஸ்தா, சீஸ், ஆலிவ் எல்லாம் அடுக்கி இருக்கும். கடைக்கோடியில் சாண்ட்விச் போட்டுத் தருவார்கள். மொறுமொறு ரொட்டியில் கத்தரிக்காய், மொசரெல்லா வைத்துச் சைவத்துக்கும் கேட்டு வாங்கலாம். இங்கே ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்துக்கு மைதானத்துக்குள் பாதி கூடக் கிடைக்காது. காகிதத்தில் சுற்றியபடியே பையில் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் விட்ட சாண்ட்விச் ஒரு மணி நேரம் ஊறினால் இன்னும் நன்றாகத்தான் இருக்கும். மயோனைஸ் போட்டதை மட்டும் கோடையில் தவிர்த்துவிடுங்கள்.

இன்னும் தெற்கே நடந்தால் ஒரு மணிக்கூண்டு தெரியும். கடிகாரத்தில் எண்களுக்குப் பதில் எழுத்துகள். ப்ரோமோ செல்ட்சர் கோபுரம், 1911இல் கட்டியது. ப்ரோமோ செல்ட்சர் தலைவலிக்கும் வயிற்றெரிச்சலுக்கும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பொடி. பால்டிமோர்க்காரர் ஐசக் எமர்சன் கண்டுபிடித்தது. அந்தக் காலத்தில் கோபுர உச்சியில் ஐம்பத்தொரு அடி உயர நீலப் பாட்டில் ஒன்று விளக்கு எரியச் சுழன்றுகொண்டிருந்தது. 1936இல் இறக்கிவிட்டார்கள். தின்று குடித்து வரும் தெருவின் முடிவில் வயிற்று மருந்துக்குக் கோபுரம் இருக்கிறது என்றால் யாருக்கும் மறக்காது. வழி சொல்வதற்கும் இதைவிட நல்ல அடையாளம் இல்லை. கோபுரம் தெரிந்ததா, நேராக நடங்கள், மைதானம்.

உள்ளே போவதற்கு முன்பு வாஷிங்டன் புலிவார்டு பக்கம் ஒருதரம் திரும்பிப் பாருங்கள். பிக்கிள்ஸ் பப், ஸ்லைடர்ஸ் என்று வரிசையாக மதுக்கடைகள். ஆட்ட நாளில் ஆரஞ்சுச் சட்டைக் கூட்டம் நடைபாதை முழுக்க நிற்கும். குடிப்பவர்கள் ஆட்டத்துக்கு முன் இங்கே ஒன்று குடித்துவிட்டுப் போவதுதான் வழக்கம், காரணம் விலை. உள்ளூர்க்காரர்கள் கேட்பது நாட்டி போ. நேஷனல் போஹீமியன் என்பது முழுப்பெயர், 1885இல் பால்டிமோரில் தொடங்கிய பீர். ஒற்றைக் கண்ணும் பெரிய மீசையுமாக ஒரு முகம் அதன் சின்னம். நகரத்தின் சட்டை, தொப்பி, சுவர் எல்லாவற்றிலும் அவர்தான். இப்போது அந்த பீர் வேறு ஊரில் தயாராகிறது. மெல்லிய, லேசான பீர். ஆகஸ்டு வெயிலில் உப்புக் காரத்தோடு குடிக்க அதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது என் எண்ணம். இன்னொன்று ஆரஞ்சு கிரஷ்: அப்போதே பிழிந்த ஆரஞ்சுச் சாறு, வோட்கா, ஆரஞ்சு மது, கொஞ்சம் சோடா. மேரிலாந்தின் ஓஷன் சிட்டி கடற்கரையில் 1995இல் பிறந்தது. பழச்சாறு மாதிரி சுலபமாக இறங்கும், அதனால் ஒன்றோடு நிறுத்துங்கள். தலை முழுக்க நரைத்திருந்தாலும் வயதுச் சான்று கேட்பார்கள். ஊரிலிருந்து வந்தவர்கள் பாஸ்போர்ட்டையே கையில் வைத்திருக்க வேண்டும். குடிக்கிற திட்டம் இருந்தால் காரை வீட்டிலோ ரயில் நிலையத்திலோ விட்டுவிட்டு லைட் ரயிலில் வாருங்கள். இதில் மட்டும் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை.

இதே நடைபாதை ஓரத்தில்தான் கடலை விற்பவர்களும் இருப்பார்கள். தோலோடு வறுத்து உப்புப் போட்ட வேர்க்கடலை, ஒரு பெரிய பை. உள்ளே இதே கடலைக்கு இரு மடங்கு கேட்பார்கள். தண்ணீர் பாட்டிலும் வெளியே வாங்கியே உள்ளே கொண்டுபோங்கள். நிலக்கடலையை ஓடு உடைத்துத் தின்று, ஓட்டைக் காலடியில் போடுவது பேஸ்பாலில் ஒழுங்கான பழக்கம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். இன்னிங்ஸ் என்ற ஒன்பது ஆட்டப் பகுதிகளுக்கு ஒரு பை சரியாக இருக்கும். பக்கத்தில் யாருக்காவது கடலை ஒவ்வாமை உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த மண்ணுக்கும் தின்பது குடிப்பதற்கும் உறவு மைதானத்துக்கும் முந்தியது. பேஸ்பாலின் மிகப் பெரிய பெயரான பேப் ரூத் 1895 பிப்ரவரி 6 அன்று இங்கிருந்து நடக்கிற தூரத்தில், எமரி தெருவில் இருக்கும் சின்ன வரிசை வீட்டில் பிறந்தார். இப்போது அது அருங்காட்சியகம். அவருடைய அப்பா மதுக்கடை நடத்தினார். கான்வே தெருவில் அவர் வைத்திருந்த கடை இருந்த இடம் இன்றைய சென்டர் ஃபீல்டுக்குள், அதாவது ஆட்டக்களத்தின் நடுப் பின்பகுதிக்குள் வருகிறது. வெளியே யூட்டா தெரு வாசலில் இளம் வயது ரூத்தின் சிலை நிற்கிறது. மாமாவிடம், அதாவது என் மாமனாரிடம், இதைச் சொன்னபோது, "அப்ப சாராயக்கடை இருந்த எடத்துலதான் பந்து ஆடுறாங்களா மாப்ள?" என்று கேட்டு, ஆட்டம் தொடங்கும்வரை அந்தப் புல்தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசல் தாண்டினால் யூட்டா தெரு தொடர்கிறது. இப்போது ஒரு பக்கம் கிடங்கு, மறுபக்கம் மைதானம். குனிந்து நடங்கள்: தரையில் பந்து வடிவத்தில் சின்னச் சின்னப் பித்தளைப் பட்டைகள் பதித்திருக்கும். ஹோம் ரன் அடித்த பந்து மைதானத்தைத் தாண்டி இந்தத் தெருவில் எங்கே விழுந்ததோ அங்கே அடித்தவர் பெயரோடு ஒன்று. கிடங்குச் சுவரிலும் ஒன்று உண்டு. 1993இல் ஹோம் ரன் போட்டியின்போது கென் கிரிஃபி ஜூனியர் அடித்த பந்து தரையில் படாமல் நேராகச் சுவரில் மோதியது. அதற்காக வைத்தது. குழந்தைகளுக்கு இந்தப் பட்டைகளைத் தேடும் வேலையைக் கொடுத்துவிட்டால் பெரியவர்கள் நிம்மதியாக வரிசையில் நிற்கலாம்.

எந்த வரிசை? பூக்ஸ் பார்பெக்யூ. உள்ளே காசு கொடுத்து வாங்க வேண்டியது என்று நான் சொல்வது இதை ஒன்றைத்தான். பூக் பவல் 1960களிலும் 70களிலும் ஓரியோல்ஸுக்காக முதல் பேஸ் என்ற இடத்தில் நின்று ஆடியவர், 1970இல் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது பெற்றவர். மைதானம் திறந்த 1992இலிருந்து அவர் பெயரில் இந்த அடுப்பு எரிகிறது. பல ஆண்டுகள் அவரே அங்கே உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பால்டிமோரின் சொந்தச் சமையலான பிட் பீஃப் இங்கே கிடைக்கும். தெற்கு மாநிலங்களில் போல பத்து மணி நேரம் புகையில் வைப்பதில்லை. மாட்டுத் தொடைக்கறியைக் கரி நெருப்பில் நேரடியாகச் சுட்டு, வெளியே கருகலும் உள்ளே சிவப்புமாக எடுத்து, தாளாகச் சீவி, பன்னில் வைத்துப் பச்சை வெங்காயம் போட்டுத் தருவார்கள். மேலே குதிரைமுள்ளங்கி கலந்த வெள்ளைச் சாஸ். அது நாக்கில் எரியாது, மூக்கில் ஏறும். மாடு சாப்பிடாதவர்களுக்கு வான்கோழியும் உண்டு, கோயிலுக்கு வாரம் தவறாமல் போகும் எங்கள் நண்பர்கள் அதைத்தான் வாங்குவார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனால் வரிசை குறைவு. முதல் பந்து விழும் நேரத்துக்குப் போனால் இரண்டு இன்னிங்ஸ் போய்விடும்.

அப்புறம் வீட்டுச் சாப்பாடு. எங்கள் வீட்டில் பலமுறை கொண்டுபோனதில் நிலைத்தது மிளகாய்ப்பொடி இட்லி. நல்லெண்ணெய் விட்டுப் பொடி புரட்டிய சின்ன இட்லி, டப்பாவில் அடுக்கி, கையில் ஒட்டாமல் பல்குச்சியால் எடுத்துச் சாப்பிடலாம். இருக்கைகள் நெருக்கம், முழங்கால் முன்வரிசையில் இடிக்கும், ஹோம் ரன் அடித்தால் எல்லோரும் எழுந்து குதிப்பார்கள். ஆகவே சாம்பார், சட்னி, தயிர்சாதம் எல்லாம் சரிவராது. எலுமிச்சைச் சாதத்தைக் கூட நான் பரிந்துரைக்க மாட்டேன். சப்பாத்திக்குள் உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டியது சரி. ஒருமுறை பின்வரிசையில் இருந்த ஒரு முதியவர் பொடி வாசனைக்குத் திரும்பி, அது என்ன என்று கேட்டார். ஓர் இட்லி கொடுத்தோம். அவர் தம் பையிலிருந்து ஓல்ட் பே என்ற மசாலாப் பொடி தூவிய பாப்கார்னை நீட்டினார். அதன்பின் எங்கள் பையிலும் ஒரு சின்ன ஓல்ட் பே டப்பா இருக்கும். பிரெட்ஸலுக்கும் வறுத்த உருளைக்கும் பாப்கார்னுக்கும் அது பொருந்தும்.

ஓல்ட் பே பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி பால்டிமோருக்கு வந்த குஸ்தாவ் புரூன் என்ற யூத மசாலா வியாபாரி, மீன் சந்தைப் பக்கத்தில் கடை வைத்து 1939இல் உருவாக்கிய கலவை. செலரி உப்பு, மிளகு, சிவப்பு மிளகாய், பாப்ரிகா இவை நாக்கில் தெரியும். 1990இல் மெக்கார்மிக் நிறுவனம் அதை வாங்கியது. நம் மசாலாவோடு ஒப்பிட்டால் காரம் குறைவு, உப்பு அதிகம். முதல்முறை சாப்பிடும் தமிழர்கள் பலர் "இவ்வளவுதானா" என்பார்கள். அதை நண்டோடு சாப்பிடும்வரை தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

ஊருக்கு வந்து நண்டு சாப்பிடாமல் போகக்கூடாது, ஆனால் அதை ஆட்டத்துக்கு முன் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு டஜன் ஆவியில் வேகவைத்த நண்டை உடைத்துத் தின்ன இரண்டு மணி நேரம் வேண்டும், அவசரம் கூடாது. ஞாயிறு ஆட்டம் பெரும்பாலும் மதியம் ஒன்றரை மணிவாக்கில் தொடங்கும். அது முடிந்து மாலையில் போவதுதான் தோது. மைதானத்திலிருந்து சற்றுத் தள்ளி, லோகஸ்ட் பாயின்ட்டில் எல்.பி. ஸ்டீமர்ஸ் இருக்கிறது, மாடியிலிருந்து நகரம் தெரியும். வார இறுதியில் நண்டு தீர்ந்துபோகும் என்பதால் மதியத்துக்கு முன்பே போன் செய்து எந்த அளவு, எத்தனை டஜன் என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

மேசையில் பழுப்புக் காகிதம் விரிப்பார்கள். தட்டு கிடையாது. ஒரு மரச் சுத்தியல், ஒரு கத்தி, காகிதச் சுருள். நண்டைக் கழுவிச் சுத்தம் செய்து உடைத்துக் குழம்பில் போடுவது நம் முறை. இங்கே முழு நண்டு, ஓட்டின்மேல் பொடியை அள்ளித் தூவி, வினிகரோ பீரோ சேர்த்த ஆவியில் வேகவைத்து அப்படியே மேசையில் கொட்டுவார்கள். பொடி ஓட்டின் வெளியேதான் இருக்கும். நீங்கள் உடைக்க உடைக்க விரலில் ஏறி, விரலிலிருந்து சதையில் சேரும். அதனால்தான் உப்பும் காரமும் அவ்வளவு தூக்கலாகப் போடுகிறார்கள். பல நண்டுக்கடைகளில் போடுவது ஓல்ட் பே கூட அல்ல, ஜே.ஓ. என்ற இன்னொரு பால்டிமோர் நிறுவனத்தின் பொடி. அதில் உப்பு பரல்பரலாக இருக்கும், ஓட்டில் ஒட்டி நிற்கும். கண்ணில் கை வைக்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்று கண்ணாடி போட்டுக்கொண்டு வாருங்கள்.

நாகப்பட்டினத்துக்காரரான மாமா அந்த மேசையில் உட்கார்ந்தபோது நாங்கள் யாரும் அவருக்கு எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு நண்டாகக் கையில் தூக்கிப் பார்த்தார். "கனமா இருக்கறத எடுங்க மாப்ள. இது காத்து, ஓடு மட்டும்தான்" என்று இரண்டைத் தள்ளி வைத்தார். அமாவாசை நண்டில் சதை இருக்கும், பௌர்ணமி நண்டில் இருக்காது என்பது அவர் ஊர்க் கணக்கு. பால்டிமோரை ஒட்டிய செசபீக் விரிகுடாவின் நண்டுக்காரர்களும் கனத்தைத்தான் பார்க்கிறார்கள்: ஓடு கழற்றிப் புது ஓடு போட்ட நண்டு உள்ளே காலியாக இருக்கும், கொஞ்ச நாள் கழித்துத்தான் சதை நிறையும். ஆண் பெண் பார்ப்பதும் வயிற்று மூடியில்தான். இங்கே அதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: வாஷிங்டன் நினைவுத்தூண் மாதிரி ஒடுக்கமாக இருந்தால் ஆண், நாடாளுமன்றக் குவிமாடம் மாதிரி அகன்றிருந்தால் பெண். பரிமாறிய பெண் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மாமா மேசையில் இருந்ததை இரண்டு குவியலாகப் பிரித்துவிட்டார். சோறு இல்லாமல் நண்டா என்ற வருத்தம் மட்டும் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை.

நண்டு கனம் ஏறிக் கொழுத்து இருப்பது செப்டம்பர், அக்டோபரில். குளிர்காலத்துக்கு முன் அது தின்று சேமிக்கும் காலம். பேஸ்பால் பருவம் முடியும் நேரமும் அதுதான். நம் புரட்டாசியும் அப்போதே வருகிறது. விரதம் இருக்கிறவர்கள் செப்டம்பர் முதல் இரண்டு வாரத்துக்குள் திட்டம் போடுங்கள், அல்லது ஐப்பசி பிறக்கும்வரை பொறுத்திருங்கள். நவம்பர்வரை நண்டு கிடைக்கும்.

இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மேரிலாந்தில் சாப்பிடும் நண்டெல்லாம் மேரிலாந்து நண்டு அல்ல. பருவத் தொடக்கத்தில் லூசியானாவிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் முழு நண்டு லாரியில் வருகிறது. விலை குறைவான கிராப் கேக்கில் பெரும்பாலும் இறக்குமதிச் சதைதான், டப்பாவில் பதப்படுத்தியது. மண்டபம், தூத்துக்குடிப் பக்கத்துக் கடலில் பிடிக்கும் நண்டின் சதையும் இப்படி அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகிறது. மாமாவுக்கு அது தெரியும். நல்ல சதையெல்லாம் கம்பெனிக்குப் போய்விடுகிறது, ஊர்ச்சந்தையில் விலை ஏறிவிட்டது என்று சொன்னார். உள்ளூர் நண்டுதானா என்று கேட்டால் நல்ல கடைக்காரர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள். செசபீக் மீனவர்களுக்கு நம் காசு போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பவர்கள் தயங்காமல் கேளுங்கள்.

துறைமுகப் பக்கம், இன்னர் ஹார்பரில் சாப்பாடு தேட வேண்டாம். 1980இல் திறந்த ஹார்பர்பிளேஸ் கட்டடங்களில் கடைகள் பெரும்பாலும் காலியாகிவிட்டன. தண்ணீரைப் பார்க்க நடந்துவிட்டு, ஃபெடரல் ஹில் ஏறி இறங்கி கிராஸ் தெருச் சந்தைக்குப் போய்விடுங்கள். 1846இலிருந்து இருக்கும் சந்தை. ஒரே கூரைக்குள் பல கடைகள் என்பதால் ஆளுக்கொரு ருசி உள்ள குடும்பத்துக்கு அதுதான் வசதி. கோடையானால் எங்கேயாவது ஸ்னோபால் கடை கண்ணில் படும்: செதுக்கிய ஐஸ்மேல் பாகு, நடுவிலோ மேலேயோ மார்ஷ்மெல்லோ. பால்டிமோர்க்காரர்கள் கேட்பது எக் கஸ்டர்டு என்ற மஞ்சள் பாகு. குழந்தைகளுக்கு அதையே வாங்கிக் கொடுங்கள்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. மாலை ஆட்டத்துக்கு மூன்றாம் பேஸ் பக்கம், அதாவது இடது பக்கம், இருக்கை எடுத்தால் சீக்கிரம் நிழல் வரும். வலது பக்கம் உட்கார்ந்தால் வெயில் முகத்தில் அடித்து, கொண்டுபோன சாப்பாடும் சூடாகிவிடும். ஜூலை, ஆகஸ்டில் திடீரென்று இடிமழை வந்து ஆட்டம் நிற்கும். அப்போது எல்லோரும் ஒரே நேரத்தில் கடைகளுக்கு ஓடுவார்கள். கையில் சாப்பாடு இருப்பவர் கூரை உள்ள இருக்கையில் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். பீர் விற்பனை ஆட்டம் முடிவதற்கு முன்பே நின்றுவிடும். வாஷிங்டனிலிருந்து வருகிறவர்கள் கேம்டன் லைன் ரயிலில் மைதான வாசலிலேயே இறங்கலாம் என்றாலும் அது வாரநாள் அலுவலக ரயில். இரவு ஆட்டம் முடிந்து திரும்ப அதை நம்ப முடியாது. லைட் ரயிலில் திரும்புகிறவர்கள் கடைசி வண்டி நேரத்தை முன்பே பார்த்து வைத்துக்கொண்டு, முதல் வண்டிக்கு முண்டியடிக்காமல் அடுத்ததற்கு நிற்கலாம். அதற்குள் பையில் மிச்சமிருக்கும் கடலையையும் தின்று தீர்த்துவிடலாம்.